3.7 மில்லிமீட்டர் கட்டாபெர்ச்சா: 1858 அட்லாண்டிக் கேபிள் ஏன் மந்தமானது, எதனால் செத்தது

1858 ஆகஸ்ட் 16 அன்று விக்டோரியா அரசி அமெரிக்க அதிபர் புக்கானனுக்கு அனுப்பிய வாழ்த்து நூறு சொற்களுக்குள் அடங்கியது. அயர்லாந்தின் வாலென்ஷியா தீவிலிருந்து நியூஃபவுண்ட்லாந்தின் டிரினிட்டி விரிகுடாவுக்கு கடலடித் தந்திக் கேபிள் வழியே அது போய்ச் சேர 16 மணி நேரம் பிடித்தது. செப்டம்பர் தொடக்கத்தில் கேபிள் பேச்சை நிறுத்தியது. அக்டோபர் வரை இடையிடையே சில முனகல்கள் வந்தன, அவ்வளவுதான்.

பெரும்பாலான புத்தகங்களில் இந்தக் கதை ஒரே வரியில் முடிந்துவிடும்: ஒயிட்ஹவுஸ் என்ற மின்னியலாளர் 2,000 வோல்ட்டைக் கொடுத்துக் கேபிளைக் கருக்கிவிட்டார். ஆனால் கேபிளின் குறுக்குவெட்டை எடுத்து வைத்துக்கொண்டு மின்புலத்தைக் கணக்கிட்டால் இந்தத் தீர்ப்பு அப்படியே நிற்பதில்லை. அந்தக் கணக்கு பன்னிரண்டாம் வகுப்பு மாணவருக்கும் எட்டக்கூடியதுதான். அதைப் போட்டுப் பார்ப்போம்.

குறுக்குவெட்டு

நடுவில் ஏழு மெல்லிய தாமிரக் கம்பிகளை முறுக்கிய புரி. அதன் விட்டம் 0.083 அங்குலம், அதாவது 2.1 மி.மீ. எடை ஒரு கடல் மைலுக்கு 107 பவுண்டு. அதன் மேல் மூன்று அடுக்காகப் பூசிய கட்டாபெர்ச்சா, கடல் மைலுக்கு 261 பவுண்டு. பூசிய பிறகு விட்டம் முக்கால் அங்குலத்தில் பாதி, 9.5 மி.மீ. கட்டாபெர்ச்சா மலாய்க் காடுகளின் ஒரு மரத்துப் பால். வெந்நீரில் களிமண்போல் இளகும், ஆறினால் இறுகும், உப்புநீரில் கெடாது. 1840களில் சிங்கப்பூரிலிருந்து மாதிரிகள் லண்டனுக்குப் போன பிறகு கடலடித் தந்திக்கு இதைவிட்டால் வேறு பொருள் இல்லை என்ற நிலை பல பத்தாண்டுகள் நீடித்தது. அதற்கும் வெளியே தார் தோய்த்த சணலும், 18 இரும்புப் புரிகளாலான கவசமும். (கவசத்தைப் பாதி கிரீனிச்சிலும் பாதி பர்க்கன்ஹெட்டிலும் சுற்றினார்கள். இரண்டு தொழிற்சாலைகளும் எதிரெதிர்த் திசையில் முறுக்கிவிட்டன. நடுக்கடலில் இணைக்கும்போது இரண்டும் ஒன்றையொன்று பிரித்துவிடாமல் இருக்கத் தனியாக ஒரு பிடிப்பு தேவைப்பட்டது. இந்தத் திட்டம் எவ்வளவு அவசரத்தில் நடந்தது என்பதற்கு இது ஒன்றே போதும்.)

மின்னியலைப் பொறுத்தவரை சணலும் இரும்பும் கணக்கில் வரமாட்டா. கடல்நீர் அவற்றுக்குள் ஊறிவிடும். உப்புநீர் நல்ல கடத்தி. எனவே கட்டாபெர்ச்சாவின் வெளிப்பரப்பு முழுவதும் பூமியின் அழுத்தத்தில், சுழி வோல்ட்டில், இருக்கும். உள்ளே 1.05 மி.மீ. ஆரமுள்ள தாமிரம், வெளியே 4.76 மி.மீ. ஆரத்தில் கடல், இடையே 3.7 மி.மீ. மின்காப்பு. ஓரச்சு உருளை மின்தேக்கி என்று பாடநூலில் வருவது இதுதான், ஆனால் 2,000 கடல் மைலுக்கு மேல் நீண்டது.

தாமிரத்துக்கும் கடலுக்கும் இடையே மின்னழுத்தம் நேர்கோட்டில் இறங்குவதில்லை, மடக்கை வளைவில் இறங்குகிறது. வெளி ஆரத்தை உள் ஆரத்தால் வகுத்தால் 4.5 வருகிறது. அதன் இயல் மடக்கை 1.51. எந்த இடத்திலும் மின்புலம் என்பது மொத்த அழுத்தத்தை அந்த இடத்தின் ஆரத்தாலும் இந்த 1.51ஆலும் வகுத்தால் கிடைப்பது. 2,000 வோல்ட் கொடுத்தால் தாமிரத்தின் தோலில் மி.மீ.க்கு 1,260 வோல்ட், கடலைத் தொடும் பரப்பில் வெறும் 280. மின்காப்பின் உட்புற 1.2 மி.மீ. மட்டுமே மொத்த அழுத்தத்தில் பாதியைத் தாங்குகிறது. எஞ்சிய 2.5 மி.மீ. மறுபாதியைத் தாங்குகிறது. சுமை சமமாகப் பிரிவதில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வேண்டியிருக்கும்.

மின்காப்பு புலத்தைக் குறைக்கிறதா?

மாணவர்களிடம் கேட்டால் பத்தில் ஒன்பது பேர் "குறைக்கும்" என்பார்கள். தனித்து விடப்பட்ட, மின்னூட்டம் மாறாத கடத்திக்கு அது சரி. கடத்தியைச் சுற்றி ஒப்புமை விடுதிறன் (இடையில் அந்தப் பொருள் இருந்தால் மின்தேக்குத்திறன் எத்தனை மடங்காகும் என்ற எண்) 4 கொண்ட பொருளை நிரப்பினால், பொருளின் மூலக்கூறுகள் முனைவாக்கம் அடைந்து, கடத்தியை ஒட்டிய பரப்பில் எதிர்க்குறி கொண்ட கட்டுண்ட மின்னூட்டம் சேரும். கடத்தியின் மின்னூட்டத்தில் முக்கால் பங்கை அது ஈடுகட்டிவிடும். புலம் கால் பங்காகும், மின்னழுத்தமும் கால் பங்காகும்.

ஆனால் கேபிள் தனித்து விடப்பட்டதில்லை. ஒரு முனையில் மின்கலம் இருக்கிறது. அது பிடித்து வைத்திருப்பது மின்னழுத்தத்தை. அழுத்தமும் வடிவமும் மாறாதபோது, இடையே காற்று இருந்தாலும் கட்டாபெர்ச்சா இருந்தாலும் புலம் அதேதான். மேலே போட்ட 1,260 வோல்ட் கணக்கில் விடுதிறன் எங்குமே நுழையவில்லை என்பதைக் கவனிக்கலாம். மாறுவது மின்னூட்டம். கட்டுண்ட மின்னூட்டம் ஈடுகட்டுவதை நிரப்ப, மின்கலம் நான்கு மடங்கு மின்னூட்டத்தைத் தாமிரத்துக்குள் தள்ள வேண்டும். அட்லாண்டிக் கேபிளின் மந்தத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

இதை முதலில் அளந்து வெளியிட்டவர் ஃபாரடே. 1837இல் ஒரே அளவில் இரண்டு பித்தளைக் கோளத் தேக்கிகளைச் செய்து, ஒன்றின் கீழ்ப்பாதியில் அரக்குக் கிண்ணம் ஒன்றைப் பொருத்தி, ஒன்றிலிருந்த மின்னூட்டத்தை மற்றதோடு பகிரவிட்டு, முறுக்குத் தராசால் அளந்தார். அரக்கு இருந்த கருவி தன் பங்குக்கு மேல் எடுத்துக்கொண்டது. இடையிலுள்ள பொருளுக்கு இதில் பங்கு உண்டு என்பது அன்று பலருக்கு ஒட்டாத கருத்து.

பதினேழு ஆண்டுகள் கழித்து அதே கருத்து தந்திக்காரர்களின் வாசலுக்கு வந்து நின்றது. லண்டனில் கட்டாபெர்ச்சா கம்பெனி 100 மைல் கம்பியைப் பூசிக் கால்வாய் நீரில் மூழ்க வைத்திருந்தது. மின்கலத்தைத் தொட்டு எடுத்த பிறகும் அந்தக் கம்பி ஆளை உலுக்கும் அதிர்ச்சி கொடுத்தது. ஒரே ஏற்றத்தைச் சிறு சிறு அதிர்ச்சிகளாகப் பலமுறை பிரித்து வாங்கவும் முடிந்தது. அதே அளவுக் கம்பியை உலர்ந்த கிடங்கில் சுருட்டி வைத்துப் பார்த்தால் அப்படி ஒன்றும் இல்லை. 1854 ஜனவரியில் ராயல் இன்ஸ்டிட்யூஷன் உரையில் ஃபாரடே இதை விளக்கினார்: கம்பி ஒரு மாபெரும் லெய்டன் ஜாடி, அதாவது அக்காலத்துக் கண்ணாடி மின்தேக்கி. தாமிரத்தின் பரப்பு 8,300 சதுர அடி, அதைச் சூழ்ந்த நீரின் பரப்பு 33,000 சதுர அடி. இன்றைய அலகில் போட்டால் அந்த 100 மைலின் மின்தேக்குத்திறன் சுமார் 26 மைக்ரோஃபாரட். நம் வீட்டு மின்விசிறியின் கெபாசிட்டர் 2.5 மைக்ரோஃபாரட். அப்படிப் பத்தை ஒன்றாகக் கட்டியதற்குச் சமம். கிடங்கில் கிடந்த கம்பியில் ஏன் எதுவும் தெரியவில்லை? அங்கே நெருக்கமான வெளித்தகடு, அதாவது நீர், இல்லை. கடத்தி, மின்காப்பு, எதிர்க் கடத்தி மூன்றும் சேர்ந்தால்தான் மின்தேக்கி.

தாம்சனும் ஒயிட்ஹவுஸும்

கிளாஸ்கோவின் வில்லியம் தாம்சன், பிற்காலக் கெல்வின் பிரபு, அதே 1854இல் கணித இயற்பியலாளர் ஸ்டோக்ஸுக்கு எழுதிய கடிதங்களில் இதைச் சமன்பாடாக்கினார். ஒவ்வொரு மைலும் கொஞ்சம் மின்தடை, கொஞ்சம் மின்தேக்குத்திறன். முதல் மைல் நிரம்பினால்தான் அடுத்த மைலுக்குப் போகும். விளைவு: தாமதம் நீளத்தின் இருபடியில் ஏறும். நீளம் இரட்டித்தால் தாமதம் நான்கு மடங்கு.

பிரைட்டனில் அறுவை மருத்துவராக இருந்து மின்னியலுக்கு வந்த ஒயிட்ஹவுஸ் 1856இல் தன் சோதனைகளைக் காட்டி இதை மறுத்தார். அட்லாண்டிக் தந்திக் கம்பெனி அவரைத்தான் மின்னியலாளராக வைத்துக்கொண்டது. தாம்சன் இயக்குநர் குழுவுக்குள் வருவதற்குள் உட்கம்பிக்கான (தாமிரமும் அதன் மேல் பூசிய கட்டாபெர்ச்சாவும் சேர்ந்தது) ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது.

ஒயிட்ஹவுஸ் தரப்பு வாதத்தை முட்டாள்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. தடித்த கம்பிக்குப் பரப்பு அதிகம், பரப்பு அதிகமானால் நிரப்ப வேண்டிய மின்னூட்டமும் அதிகம், ஆகவே மெல்லிய கம்பியே வேகமானது என்றார்கள். பாதி உண்மை. கணக்குப் போடுவோம். வெளி ஆரத்தை அப்படியே வைத்துக் கம்பியின் விட்டத்தை இரட்டித்தால் ஆர விகிதம் 4.5இலிருந்து 2.26 ஆகிறது, மடக்கை 1.51இலிருந்து 0.815. மின்தேக்குத்திறன் 1.85 மடங்கு ஏறுகிறது. இதுவரை அவர்கள் சொன்னது சரி. ஆனால் மின்தடை கால் பங்காகிவிடுகிறது. இரண்டின் பெருக்கல்தான் தாமதம், அது பாதிக்கும் கீழே போகிறது. பரப்பு மடக்கைக்குள் ஒளிந்துகொண்டு மெதுவாக ஏறுகிறது, மின்தடையோ இருபடியில் இறங்குகிறது. மடக்கையை மறந்துவிட்டு மின்னூட்டத்தை மட்டும் பார்த்ததுதான் அவர்கள் சறுக்கிய இடம்.

இனி உண்மையான கேபிள். கட்டாபெர்ச்சாவின் ஒப்புமை விடுதிறன் ஏறக்குறைய 4 என்று கொண்டால், ஒரு கடல் மைலுக்கு 0.27 மைக்ரோஃபாரட். தாமிரம் முழுத் தூய்மையோடு இருந்தால் கடல் மைலுக்கு 11 ஓம். 2,000 கடல் மைலுக்கு இவை 22,000 ஓம், 550 மைக்ரோஃபாரட். பெருக்கினால் 12 வினாடி. தாம்சனின் தீர்வின்படி, ஒரு முனையில் மின்கலத்தை இணைத்தால் மறுமுனையில் மின்னோட்டம் தன் முழு அளவில் பாதியை எட்ட அந்த 12 வினாடியில் ஏழில் ஒரு பங்கு, ஒன்றரை வினாடிக்குச் சற்று மேல், ஆகும். அன்றைய தாமிரம் தூய்மையாகவும் இல்லை. வெவ்வேறு ஆலைகளின் கம்பிகள் ஒன்றுக்கொன்று எக்கச்சக்கமாக வேறுபடுவதைத் தாம்சனே 1857இல் அளந்து சொன்னார். ஆகவே நடப்பில் இரண்டு வினாடிக்கு மேல் என்றே வைத்துக்கொள்ளலாம். ஒரு துடிப்பு முழுதாக வந்து வடிவதற்குள் அடுத்ததை அனுப்பினால் இரண்டும் ஒன்றாகக் கலந்து கூழாகிவிடும்.

இந்த மந்தத்துக்கு ஒயிட்ஹவுஸ் கண்ட மருந்து அழுத்தத்தைக் கூட்டுவது. ஐந்தடி நீளத் தூண்டு சுருள்களை வைத்து 2,000 வோல்ட் அளவில் உந்தினார். ஆனால் சமன்பாடு நேரியல். அழுத்தத்தை நூறு மடங்காக்கினால் மறுமுனையில் வளைவின் உயரம் நூறு மடங்காகும், அகலம் மாறாது. தாம்சன் அழுத்தத்தைத் தொடாமல் கண்ணைக் கூர்மையாக்கினார். சிறு காந்தத்தில் ஒட்டிய கண்ணாடியும் ஒளிப்புள்ளியுமாக அவர் செய்த கால்வனாமீட்டர் (நுண்ணிய மின்னோட்டத்தைக் காட்டும் கருவி), வளைவு எழத் தொடங்கும்போதே காட்டிவிடும். சில டேனியல் கலங்களே (தாமிரமும் துத்தநாகமும் கொண்ட மின்கலங்கள்) அதற்குப் போதும்.

கொன்றது எது?

ஆகஸ்ட் நடுவில் கம்பெனி ஒயிட்ஹவுஸை வெளியேற்றியது. பழி முழுவதும் அவர் தலையில் விழுந்தது. இப்போது முன்பு போட்ட எண்ணுக்குத் திரும்பலாம்: தாமிரத் தோலில் மி.மீ.க்கு 1.26 கிலோவோல்ட். புரியாக முறுக்கிய கம்பியின் மேடுகளில் இன்னும் கொஞ்சம் கூடும், 1.7 என்றே வைப்போம். நல்ல கட்டாபெர்ச்சாவின் மின்காப்பு உடைந்துபோக வேண்டுமானால் மி.மீ.க்கு 10 கிலோவோல்ட் என்ற வரிசையில் புலம் வேண்டும். ஐந்து மடங்குக்கு மேல் இடைவெளி இருக்கிறது.

ஒப்பிட இன்னொன்று. சென்னைத் தெருக்களுக்கு அடியில் ஓடும் 11 கிலோவோல்ட் கேபிளில் குறுக்குப்பிணைத்த பாலிஎத்திலீன் மின்காப்பின் தடிமன் இந்தியத் தரப்படி 3.6 மி.மீ. நம் கட்டாபெர்ச்சாவின் அளவேதான். அது மூன்று கட்ட (phase) மின்சாரத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் பூமிக்கு எதிராக 6.35 கிலோவோல்ட்டை, உச்சத்தில் 9 கிலோவோல்ட்டை, ஆண்டுக்கணக்காகத் தாங்குகிறது. பொருள் வேறு, தூய்மை வேறு, கடத்தியின் மேல் குறைகடத்திப் பூச்சு ஒன்று மேடுபள்ளங்களைச் சமப்படுத்துகிறது. எல்லாம் சரி. ஆனாலும் 3.7 மி.மீ.யில் 2 கிலோவோல்ட் என்பது தன்னளவில் கொலைக்கருவி ஆகாது.

எனில் குற்றவாளி அந்த 3.7 என்ற எண்தான். அது எல்லா இடத்திலும் 3.7ஆக இல்லை. 1857 கோடையில் கிரீனிச்சில் கேபிள் வெயிலில் கிடந்தது. கட்டாபெர்ச்சா இளகியது. இளகிய பொருளுக்குள் தாமிரம் நடுவை விட்டு நகர்ந்து ஒரு பக்கம் சாய்ந்தது. அதன் பிறகு கப்பலில் ஏற்றி, கடலில் இழுத்து, முதல் முயற்சி முறிந்து, இறக்கிக் குளிர்காலம் முழுக்க வைத்திருந்து, மறுபடி ஏற்றி, 1858 ஜூனில் மறுபடி முறிந்து, ஜூலையில் மறுபடி இறக்கினார்கள். ஒவ்வொரு வளைவிலும் மெலிந்த பக்கம் மேலும் மெலியும்.

தாமிரம் 3.2 மி.மீ. விலகியிருந்தது என்று கொள்வோம். மெலிந்த பக்கத்தில் மிஞ்சுவது அரை மி.மீ. அங்கே சராசரிப் புலமே மி.மீ.க்கு 4 கிலோவோல்ட். பத்தில் ஒரு மி.மீ. தோல் மட்டும் மிஞ்சிய இடத்தில் 20 கிலோவோல்ட். அங்கே உடைந்தே தீரும். விரிசல் ஒன்றில் கடல்நீர் புகுந்திருந்தாலும் கதை அதே: நீர் கடத்தி, ஆகவே கடலின் சுழி அழுத்தம் விரிசலின் நுனி வரை வந்துவிடும், மின்காப்பின் தடிமன் அந்த நுனியிலிருந்துதான் கணக்கு. நுனி கூராக இருந்தால் புலம் அங்கே இன்னும் குவியும். சுழி அழுத்தம் மிக நெருக்கமாக வந்து நிற்பது, புலம் தாமிரத்தின் பக்கம் ஏற்கெனவே குவிந்திருப்பது, இரண்டும் அங்கே கைகோத்துக்கொள்கின்றன.

ஒயிட்ஹவுஸ் முற்றிலும் நிரபராதி என்று சொல்லவில்லை. சுருளின் துடிப்பு குறுகியது. அதன் முழு அழுத்தம் கேபிளின் நீளம் முழுவதும் பரவாது, அனுப்பும் முனைக்கு அருகில்தான் உச்சம். பின்னர் சோதித்தபோது பழுது வாலென்ஷியாவிலிருந்து சில நூறு மைலுக்குள் இருப்பதாகத் தெரிந்தது. அந்தப் பக்கத்தில் ஏற்கெனவே இருந்த மெல்லிய இடத்தை அவருடைய துடிப்புகள் சீக்கிரம் கிழித்திருக்கலாம். கிழிந்த பிறகு ஓடும் மின்னோட்டம் தாமிரத்தையே அரிக்கும். தாம்சனின் சில வோல்ட்டோடு தொடங்கியிருந்தால் கேபிள் இன்னும் சில மாதம் உழைத்திருக்கும் என்பது என் கணிப்பு, ஆண்டுக்கணக்கில் நீடித்திருக்கும் என்று நம்பக் காரணம் இல்லை.

கரையிலிருந்து சோதிப்பவருக்கு இந்த மெலிவு ஏன் தெரியவில்லை என்பது நியாயமான கேள்வி. மேலே சொன்ன விலகலில் அந்த இடத்தின் மின்தேக்குத்திறன் 1.85 மடங்காகும், கணிசமான மாற்றம்தான். ஆனால் அது ஒரு மீட்டர் நீளத்துக்கு மட்டும் இருந்தால், 37 லட்சம் மீட்டர் கேபிளில் யார் கண்டுபிடிப்பது? மின்தேக்குத்திறன் மொத்த நீளத்தையும் கூட்டிச் சொல்கிறது. உடைவோ மிக மோசமான ஒரே ஒரு புள்ளியில் நடக்கிறது. மின்காப்பு உடையும் வரை அங்கே கசிவும் பெரிதாக இராது.

செத்துப்போவதற்கு முன் கேபிள் ஒரு வேலையை உருப்படியாகச் செய்தது. இந்தியாவில் 1857 கிளர்ச்சியை அடக்க உதவியாகக் கனடாவிலிருந்து இரண்டு படைப்பிரிவுகளை இங்கிலாந்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கிளர்ச்சி அடங்கிவிட்டதால் வர வேண்டாம் என்ற உத்தரவு ஆகஸ்ட் கடைசியில் கேபிளில் போனது. 50,000 பவுண்டு மிச்சம் என்று கணக்குச் சொன்னார்கள்.

1866இன் உட்கம்பி

அட்லாண்டிக் கேபிளைத் தொடர்ந்து, இந்தியாவை நோக்கிப் போட்ட செங்கடல் கேபிளும் படுத்தது. பிரிட்டிஷ் அரசின் வணிக வாரியமும் அட்லாண்டிக் கம்பெனியும் சேர்ந்து அமைத்த குழு 1861இல் அறிக்கை கொடுத்தது. தயாரிப்பு, கையாளுதல், சோதனை எல்லாவற்றிலும் குறைகளை அடுக்கியது. ஒரே ஆளின் மேல் போட்டுவிட்டுப் போகவில்லை.

கிரேட் ஈஸ்டர்ன் கப்பல் 1865இலும் 1866இலும் இறக்கிய இரண்டு கேபிள்களின் உட்கம்பி வேறு மாதிரி. கடல் மைலுக்குத் தாமிரம் 300 பவுண்டு, கட்டாபெர்ச்சா 400. விட்டங்கள் 3.7 மி.மீ., 11.8 மி.மீ. தாமிரப் புரியின் இடுக்குகளைச் சேட்டர்ட்டன் கலவையால் (கட்டாபெர்ச்சா, தார், பிசின் சேர்ந்தது) அடைத்தார்கள். இங்கே வேடிக்கை என்னவென்றால், கடல் மைலுக்கு மின்தேக்குத்திறன் குறையவில்லை, 0.27இலிருந்து 0.36 மைக்ரோஃபாரட்டுக்கு ஏறியது. மின்தடை 11 ஓமிலிருந்து 4 ஓமுக்குக் கீழே இறங்கியது. பெருக்கல் பாதிக்கும் குறைவு.

வெளி விட்டத்தை நிலையாக வைத்து ஆர விகிதத்தை மட்டும் மாற்றினால், தாமதம் மிகக் குறைவது விகிதம் 1.65 ஆகும்போது. தாமிரத் தோலில் புலம் மிகக் குறைவது விகிதம் 2.72 ஆகும்போது. முதலாவதில் மடக்கை அரை, இரண்டாவதில் ஒன்று. 1858இன் 4.5 இரண்டிலிருந்தும் விலகி நிற்கிறது. ஆனால் புலத்தில் அதனால் வந்த நட்டம் வெறும் 10 விழுக்காடு. அந்தத் திசையில் வளைவு அவ்வளவு தட்டையானது. தாமதத்தில் வந்த நட்டமோ மிகப் பெரிது. 1866இன் விகிதம் 3.2, புலத்துக்குக் கிட்டத்தட்ட உகந்த இடம். 1.65 வரை போகாததற்குக் காரணம் எளிது: தாமிரத்தின் விலை ஒருபுறம், மெலிந்த மின்காப்பில் தாமிரம் சற்றே நகர்ந்தாலும் கடல் வந்து தொட்டுவிடும் என்ற அச்சம் மறுபுறம். ஒருமுறை சூடுபட்டவர்கள் அல்லவா!

உட்கம்பியின் ஒவ்வொரு துண்டையும் 24 பாகை செல்சியஸ் வெதுவெதுப்பான நீரில் மூழ்கடித்து வைத்து, மின்தடையையும் மின்காப்பையும் தனித்தனியாக அளந்து பதிந்த பிறகே சேர்த்தார்கள். மொத்த நீளத்தில் கரைந்துபோகும் குறை, துண்டு துண்டாக அளந்தால் தலைகாட்டிவிடும். கவசம் சுற்றிய பிறகும் கேபிளை வெயிலில் போடவில்லை, நீர்த்தொட்டியிலேயே வைத்தார்கள்.

1866 செப்டம்பரில் தந்திப் பொறியாளர் லாட்டிமர் கிளார்க், மறுகரையில் இரண்டு கேபிள்களையும் ஒன்றோடொன்று இணைக்கச் சொல்லிவிட்டு, வாலென்ஷியாவில் ஒரு வெள்ளித் தையல் விரலுறையில் கொஞ்சம் அமிலமும் ஒரு துண்டு துத்தநாகமும் போட்டுக் கலம் செய்தார். குறி அட்லாண்டிக்கைக் கடந்து போய், திரும்பியும் வந்தது. கலத்தின் அழுத்தம் ஏறத்தாழ ஒரு வோல்ட் என்று கொண்டால், அதை அனுப்பும் முனையிலேயே தாமிரத் தோலில் இருந்த புலம் மி.மீ.க்கு அரை வோல்ட்டுக்கும் குறைவு.